கதவு நிலையில் நாலு அங்குலம்

தியோடருக்கு வளர்ந்துவிடுவோமோ என்று பயம். ஊரில் மற்றப் பையன்கள் மீசை எப்போது வரும், குரல் எப்போது உடையும் என்று கண்ணாடி முன்னால் தவம் கிடந்த வயசில், இவன் கண்ணாடியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பதினேழு முடிந்து நாலு மாசம் ஆகியும் மேலுதடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடினால் அவன் குரல் பெண்பிள்ளைகள் வரிசைக் குரலோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். வேறொருவனாக இருந்தால் வெட்கத்தில் கோவில் பக்கமே போயிருக்க மாட்டான். தியோடர் அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

எல்லாம் குதிரையால் வந்த வினை. பதினாலு வயசிலிருந்து அவன் பெங்களூர் ரேஸ் குதிரைகளின் லாயம் ஒன்றில் பயிற்சி ஜாக்கி. நாலு பந்தயம் ஜெயித்திருந்தான். இந்த 1954ஆம் வருஷத்துக் கோடைப் பந்தயத்தில் ‘மார்னிங் பெல்’ என்ற பெட்டைக் குதிரையை ஓட்டிக் காட்டினால் முழு ஜாக்கியாகப் பேர் எழுதித் தருவதாக டிரெய்னர் நாராயணசாமி சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, ஏழு ஸ்டோன் இரண்டு பவுண்டுக்கு, அதாவது நூறு பவுண்டு எடைக்கு மேல் ஓர் அவுன்ஸ் ஏறக்கூடாது. உடம்பு நீண்டால் எடையும் கூடத்தானே ஏறும்? அதனால் நீளக்கூடாது. பையனுக்கு இரவும் பகலும் அதே நினைப்புதான்.

அவன் அப்பா டொமினிக் அதே லாயத்தில் குதிரைக்காரர். இருபத்தைந்து வருஷமாகக் குதிரைகளைத் தேய்த்து, தீனி வைத்து, ஜெயித்த குதிரையைக் கடிவாளம் பிடித்து நடத்திக்கொண்டு போய், போட்டோ எடுக்கும் நேரத்தில் கொஞ்சம் ஒதுங்கி நின்று பழகியவர். ஆள் சரியாக ஐந்தடி. மேலே ஏறி உட்காரவேண்டிய உடம்பு கீழே நின்றே தேய்ந்துபோயிற்று என்ற எரிச்சல் அவருக்கு ஆறவே இல்லை. மகன் பிறந்ததும் ஒரு முடிவு செய்துவிட்டார். அந்த முடிவை மகனிடம் கேட்டுச் செய்யவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டுமா என்ன?

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெரிய பங்களாவின் பின்புறம் வேலைக்காரர்களுக்கென்று கட்டிய இரண்டு அறையில் அவர்கள் வீடு. அம்மா ஜோசஃபின் தியோடருக்கு நாலு வயசாக இருக்கும்போதே டைபாய்டில் போய்விட்டாள். அக்கா பியாட்ரிஸ் மல்லேஸ்வரத்தில் ஒரு டாக்டரிடம் நர்ஸ். தம்பிக்கு முட்டை கிடையாது, பால் கிடையாது, கறி கிடையாது. காலையில் பால் விடாத காபி, மத்தியானம் ஒரு கைப்பிடி சோறும் ரசமும், சாயங்காலம் ஒரு வாழைப்பழம். வாரம் ஒரு முறை பேதிக்கு உப்பு. வெயில் ஏறும் நேரத்தில் இரண்டு கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓட்டம். கொழுப்பும் சத்தும் உள்ளே போகாவிட்டால் எலும்பு எதைத் தின்று வளரும் என்பது டொமினிக்கின் கணக்கு. லாயத்தில் இருந்த எல்லோரும் அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவள் பியாட்ரிஸ் ஒருத்திதான். வீட்டில் அவள் பேச்சை யார் கேட்டார்கள்?

மாசத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அளவு எடுப்பார்கள். உள்ளறையின் கதவு நிலையில் தியோடர் முதுகை ஒட்டி நின்று கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். டொமினிக் குதிரை தேய்க்கும் பிரஷ்ஷைத் தலைமேல் படுக்கவைத்து, குளம்பு சீவும் கத்தியால் மரத்தில் ஒரு கீறு கீறி, பக்கத்தில் பென்சிலால் மாசத்தை எழுதுவார். அப்புறம் டேப்பைப் பிடித்துப் பார்த்து, “அஞ்சடி. அப்பிடியேதான் கீற” என்பார். ஒன்றரை வருஷமாக அப்படியேதான் இருந்தான். ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறிக் கீறி அந்த இடத்தில் மரம் பள்ளமாகிவிட்டது.

இதில் தியோடர் செய்த திருட்டுத்தனம் ஒன்று உண்டு. தொளதொள சவாரிக் கால்சட்டைக்குள் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்வான். முதுகைக் கொஞ்சம் வளைப்பான், கழுத்தை ஆமை மாதிரி உள்ளே இழுப்பான். முதலில் அரை அங்குலத்துக்காக ஆரம்பித்தது. மாசாமாசம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். நைனாவை எவ்வளவு சுலபமாக ஏமாற்றுகிறோம் என்று நினைக்கும்போது அவனுக்கே பாவமாக இருக்கும். அளவு எடுக்காத நாளில் அந்தக் கதவு நிலை பக்கம் திரும்பமாட்டான். அதைத் தாண்டும்போது குனிந்துகொண்டே போய்விடுவான், கீறல் கண்ணில் படக்கூடாதென்று.

ஆனால் கால்சட்டை பொய் சொல்லுமா? இரண்டு முறை மடிப்பை அவிழ்த்துவிட்டாயிற்று. சேணத்தில் கால் வைக்கும் அங்கவடி வார்களை ஒவ்வொரு துளையாக இறக்கவேண்டி வந்தது. படுத்தால் கால் பாயைத் தாண்டிப் போயிற்று. உட்கார்ந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். நின்றால் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருந்தான். “ஏண்டா எறும்பு கடிச்ச மாரி ஆடற” என்று லாயத்தில் கேலி செய்தார்கள். அவன் சிரித்து வைப்பான். பந்தயத்துக்கு இன்னும் ஐந்து வாரம், அதுவரைக்கும் இந்தப் பாழாய்ப்போன எலும்பு சும்மா இருக்கவேண்டுமே என்று உள்ளே அடித்துக்கொள்ளும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, பயிற்சி ஓட்டம் முடிந்து மார்னிங் பெல் நடைக்கு வந்துகொண்டிருந்தது. வேகமாக ஓடும்போது விழுந்திருந்தாலாவது கௌரவம். நடந்துவரும் குதிரைமேலிருந்து, கண் இருட்டி, மூட்டை சரிகிற மாதிரி விழுந்தான் தியோடர். முந்தின நாள் அந்த வாழைப்பழத்தைக்கூட அவன் தின்றிருக்கவில்லை. இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. டொமினிக் ஓடிவந்து முதலில் பார்த்தது பையனைத்தான், குதிரையை இல்லை. அது தியோடருக்கு அந்த மயக்கத்திலும் ஆச்சரியமாக இருந்தது.

நாராயணசாமி வந்து நின்று பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை, அவசரக்காரர். “மூணு வாரம் டைம். ஏழு-ரெண்டுல வந்து நில்லு. இல்லேன்னா வேற பையன் கூர்க்கிலேர்ந்து வர்றான், நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது” என்றார்.

பியாட்ரிஸ் அவனை மல்லேஸ்வரத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் சீனிவாசராகவன் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதற்கு முன்னால் நர்ஸ் என்ற முறையில் பியாட்ரிஸ் அவனை அளவுகோலில் நிறுத்தினாள். வலியில் முழங்காலை மடக்க மறந்துவிட்டான் பையன். ஐந்தடி மூன்றரை அங்குலம்.

“மூணரை” என்று அவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

ஈரம் காயாத படத்தை டாக்டர் வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பென்சிலை எடுத்துக்கொண்டு கிட்டே குனிந்து பார்த்தார். தியோடருக்குப் பொறுக்கவில்லை.

“ஒடஞ்சிருக்கா சார்?”

“ஒடையலை. சுளுக்குதான். உனக்கு என்ன வயசுப்பா?”

“பதினேழு சார்.”

“உன் எலும்புக்குப் பதிமூணுதான் ஆறது. இங்க பாரு.” பென்சிலால் காட்டினார். முன்கை எலும்பின் நுனிக்குக் கொஞ்சம் கீழே குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. நுனி தனியாகத் தொப்பி மாதிரி நின்றது. “இது முறிவு இல்லை, பயப்படாதே. இந்த இடத்துல இன்னும் குருத்தெலும்புதான் இருக்கு. எலும்பு நீளறது இங்கேர்ந்துதான். மூளைக்கு அடியில பட்டாணி அளவு ஒரு சுரப்பி, அது சுரக்கற ஹார்மோன் இந்தக் கோட்டை வளர், வளர்னு சொல்லிண்டே இருக்கும். நீ வயசுக்கு வர்றபோது இன்னொரு ஹார்மோன் சேரும், மீசை, குரல் எல்லாம் குடுக்கறதே, அது. அது வந்ததும் ரெண்டு வருஷம் கிடுகிடுன்னு ஒசரம் ஏறும். அப்புறம் அதே ஹார்மோன் இந்தக் கோட்டை எலும்பாக்கி மூடிடும். மூடினா முடிஞ்சுது, அப்புறம் ஓர் அங்குலம் ஏறாது.”

தியோடர் நாற்காலி நுனிக்கு வந்தான். “எனக்கு அது இன்னும் வரலியே சார். அப்ப ஒசரமும் ஏறாதுல்ல?”

“வேகமா ஏறாது. மெள்ள ஏறிண்டுதான் இருக்கும். மூடறதுக்கு ஆளே இன்னும் வரலையே. என்ன சாப்பிடறே நீ?”

பியாட்ரிஸ் சொன்னாள். காபி, ரசம், வாழைப்பழம், பேதி உப்பு எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று வருஷமாகச் சொல்ல இடமில்லாமல் வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“பட்டினி கிடந்தா ஒடம்பு என்ன பண்ணும்? இப்ப பெரியவனாக வசதிப்படாதுன்னு அந்த நாளைத் தள்ளிப்போடும். அவ்வளவுதான். நிறுத்தாது. எலும்பு குட்டையா நிக்கறதுக்கு பதிலா, கோடு தெறந்தே கிடக்கும், எலும்பு வலுவில்லாம போகும். இன்னிக்குத் தப்பிச்சே. அடுத்த தடவை விழுந்தா ஒடையும்.”

“சார், மூடறதுக்கு ஊசி இருக்கா?”

“இருக்கு. போட்டா முதல்ல ஒசத்தும், அப்புறம்தான் மூடும். நீ கேக்கற மாதிரி மாத்தி வேலை செய்யாது.” பியாட்ரிஸைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தார். அவள் ஐந்தடி ஆறங்குலம், ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு நடுவே நடந்தால் தூண் நடப்பதுபோல் இருக்கும். “உங்கம்மாவும் இப்படி ஒசரமாம்மா?”

“என்னைவிட ஒரு விரக்கடை கூட இருக்கும் சார்” என்றாள் பியாட்ரிஸ். “அப்ப இவனுக்கு இன்னும் அஞ்சாறு அங்குலம் பாக்கி இருக்கு” என்றார் டாக்டர்.

தியோடருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ அப்பன் அச்சு, நீ அப்பன் அச்சு என்று கேட்டே வளர்ந்தவன். அம்மாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம்தான். அதில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நைனா பக்கத்தில் நின்றிருந்தார். எதற்கு அப்படி நிற்கவைத்தார்கள் என்று யார் யோசித்தார்கள்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடமிருந்தும் உட்காரவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும்தான் சொன்னான், “அக்கா, மூணரை அங்குலத்த நைனாகிட்ட சொல்லிராத. நான் முட்டிய மடக்கிதான் ஏமாத்திக்கிட்டு வர்றேன்.”

பியாட்ரிஸ் கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. “வா இங்க” என்று அவனைக் கதவு நிலையில் தள்ளினாள். “எப்பிடி மடக்குவ, மடக்கு.”

மடக்கினான். முதுகை வளைத்தான், கழுத்தை இழுத்தான். அவள் தலைமேல் பிரஷ்ஷை வைத்து, விரலால் மரத்தில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள். “இப்ப திரும்பிப் பாரு.”

பள்ளமாகிப்போன கீறலுக்கு இரண்டு அங்குலம் மேலே இருந்தது அவள் விரல்.

தியோடருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. “நான் இன்னும் கொஞ்சம் மடக்குவேனோ என்னவோ.”

“இன்னும் மடக்கினா தரையில உக்காரணும்டா மடையா. நைனாவுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா போச்சு? குதிரைக்கு ஒரு குளம்பு கால் அங்குலம் தேஞ்சாலே அவருக்குத் தெரியும்.” அவள் பிரஷ்ஷால் அந்தப் பள்ளத்தைத் தட்டிக் காட்டினாள். “நீ மடக்கினது ஒண்ணரை. மீதி ரெண்ட அவரே கீழ எறக்கிக் கீறிக்கிட்டு இருக்காரு.”

அப்பனும் மகனும் ஒன்றரை வருஷமாக ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு, ஒரே கீறலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டால் சிரிப்பு வரும். தியோடருக்கு அழுகைதான் வந்தது. இத்தனை நாள் குதிரை போய்விடுமே, பந்தயம் போய்விடுமே என்றுதான் பயப்படுகிறோமென்று நினைத்திருந்தான். இப்போது தெரிந்தது, அவன் பயந்ததெல்லாம் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு டேப்பைப் பார்க்கும் அந்த முகம் ஒருநாள் மாறுமே என்பதற்குத்தான்.

அடுத்த ஞாயிறு மே மாசத்து முதல் ஞாயிறு. அதுவரை இருந்த ஆறு நாளும் அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. பியாட்ரிஸ் கிளினிக்கிலிருந்து முட்டை கொண்டுவந்தாள், தொடவில்லை. கட்டுப்போட்ட கையோடு ஓடப்போனான், பாதியில் திரும்பிவந்தான். நைனாவிடம் பேச மூன்று தடவை வாயெடுத்தான், மூன்று தடவையும் பேச்சு குதிரைத் தீனியில் போய் முடிந்தது. நிமிர்ந்து நின்றால் ஜாக்கி வேலை அன்றோடு முடிந்தது. வளைந்து நின்றால் கூர்க்குப் பையன் வருவதை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், எலும்பு ஒடிகிறவரைக்கும்.

பூசை முடிந்து வந்தார்கள். டொமினிக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பிரஷ்ஷையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வந்தார். “நில்லு” என்றார்.

தியோடர் கதவு நிலையில் முதுகை வைத்தான். குதிகாலை ஒட்டினான். முழங்காலை நேராக்கினான். பிறகு முதுகு, தோள், கழுத்து. நிமிர நிமிர இன்னும் நிமிர இருந்தது. கண்ணையும் மூடவில்லை. முதல் தடவையாக நைனாவின் தலையுச்சியை அவன் பார்த்தான், நடுவில் வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது.

டொமினிக் பிரஷ்ஷைத் தூக்கினார். தலைமேல் வைத்துவிடலாம், ஆனால் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க அவர் கண்ணுக்கு எட்டவில்லை. பிரஷ்ஷை இறக்கினார். பியாட்ரிஸ் சமையல் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

“நைனா” என்றான் தியோடர். “டாக்டரு சொன்னாரு, இன்னும் அஞ்சாறு அங்குலம் வருமாம். சாப்பிட்டாலும் வருமாம், சாப்பிடாட்டியும் வருமாம். சாப்பிட்டா சீக்கிரம் வந்து மூடிக்குமாம். நான் சாப்பிடறேன் நைனா. என்னால முடியல.”

டொமினிக் திரும்பி வெளியே போனார். பையன் நிலையைவிட்டு நகரவில்லை. கொல்லைப்பக்கம் தகரம் உரசும் சத்தம் கேட்டது. குதிரைக்குத் தண்ணீர் காட்டும் வாளியை எடுத்துக்கொண்டு வந்து, கதவு நிலைக்கு முன்னால் கவிழ்த்துப் போட்டார். ஒரு கையால் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றார். பிரஷ்ஷை மட்டமாக வைத்தார். இருக்கிற இடத்திலேயே, ஒரு மயிரிழை கீழே இறக்காமல், ஆழமாக ஒரு கீறு கீறினார்.

இறங்கி நின்று ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். டேப்பைத் தேடவில்லை.

“ஒங்கம்மா ஒசரம்” என்றார். பதிமூன்று வருஷத்தில் அவளைப் பற்றி அவர் மகனிடம் சொன்ன முதல் பேச்சு அது. “கல்யாணத்தன்னிக்கு எல்லாரும் சிரிச்சானுங்க. அவளும் சிரிச்சா. ஒனக்கு அது வந்துருமோன்னு எனக்குப் பொறந்ததுலேருந்து பயம்டா தியோ. வரக்கூடாதுன்னு ஒன்ன இல்லாத பாடு படுத்திட்டேன்.” கத்தியைத் துணியில் துடைத்து உறையில் போட்டார். “பியாட்ரிஸ், அந்த முட்டைய அவிம்மா. ரெண்டாப் போடு.”

அவர் அடுத்த நாள் தானே போய் நாராயணசாமியிடம் சொல்லிவிட்டு வந்தார். மார்னிங் பெல்லைக் கூர்க்குப் பையன் ஓட்டினான், இரண்டாவதாக வந்தது. கடிவாளம் பிடித்து நடத்தியது டொமினிக்தான். தியோடர் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தான். வருத்தம் இல்லையென்று சொன்னால் பொய்தான். அந்தக் குதிரையின் பிடரி வாசனை அவனுக்கு வெகுநாள் கையைவிட்டுப் போகவில்லை.

ஆறே மாசத்தில் குரல் உடைந்தது. பூசையில் பாட்டு நடுவில் கரகரவென்று போய், பாதிரியாரே திரும்பிப் பார்த்தார். இரண்டு வருஷம் உடம்பு நிற்காமல் ஏறியது, பியாட்ரிஸைத் தாண்டியது, கதவு நிலையையே தொடப் பார்த்தது. ஐந்தடி ஒன்பதரையில் ஒருநாள் நின்றுவிட்டது. சீனிவாசராகவன் இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கோடு மூடியாயிற்று என்றார். பிறகு அவரே அவனை எக்ஸ்ரே அறையில் பிளேட்டு கழுவும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். படிப்படியாக அந்த மெஷினையே ஓட்டக் கற்றுக்கொண்டான். உட்கார்ந்தால் கால் ஆட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை.

1963இல் தியோடருக்கு நோராவோடு கல்யாணம். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் கதவு நிலையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நின்று பார்த்தாள். ஒரு பள்ளத்தில் பதினெட்டுக் கீறல், அதற்குமேல் நாலு விரல் இடைவெளிவிட்டு ஆழமாக ஒன்று. பக்கத்தில் பென்சிலால் மாசங்கள் எழுதியிருந்தன, பள்ளத்தில் கடைசியாக ஏப்ரல், மேலே உள்ளதற்கு மே.

“இதென்னங்க,” என்றாள், “ஒரே மாசத்துல நாலு அங்குலமா வளந்தீங்க?”

டொமினிக் வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நின்றது, தலை நிமிரவில்லை.

“ஆமா நோரா,” என்றான் தியோடர். “அந்த மாசந்தான் நைனா என்னை வளர விட்டாரு.”